ஆறு பெருகுவதை இத்தாலிய மொழியில் எப்படிச் சொல்வது

என் சரசுவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் மழையா, வெயிலா? இப்போதெல்லாம் யாரிடம் பேசினாலும் முதலில் இதைத்தான் கேட்கிறேன். சிரிக்காதே, காரணம் இருக்கிறது. சிரிக்கிற நிலைமையில் நானும் இல்லை.

நம் நித்யாவிடமிருந்து நேற்றுச் சாயங்காலத்துக்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. இத்தாலியில் அவள் இருக்கும் மலையடிவார ஊரில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை என்று மாப்பிள்ளை மார்கோ சொன்னார். வேலையாக வேறு ஊருக்குப் போன மனிதர், ரயில் ஓடாமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை. உன் பெண் எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. கையைப் பிசைந்துகொண்டு உட்கார முடியாமல் உனக்கு எழுதுகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் உன் பொறுப்பு. நீ தமிழில் பேசுவாய், மார்கோவின் அம்மா கார்லா இத்தாலிய மொழியில் பேசுவார், அரை மணி நேரம் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொள்வீர்கள். என்னதான் பேசினீர்கள் என்று கேட்டால் "எல்லாம்தான்" என்பாய். நீ போனபிறகு அந்த அம்மாள் என் முகத்தைப் பார்ப்பார், நான் சுவரைப் பார்ப்பேன். காலமெல்லாம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் சத்தத்தில் கத்திப் பேசியே பழகியவனுக்குச் சம்பந்தியம்மாவிடம் மெல்லப் பேச வருமா?

நித்யாதான் வழி சொன்னாள். "அப்பா, முதல்ல கிளைமேட் பத்திப் பேசக் கத்துக்குங்க. இங்க எல்லாரும் அதுலதான் ஆரம்பிப்பாங்க."

"சாப்டீங்களான்னு கேட்டா போதாதா?"

"அதைக் கேட்டா, இவர் எதுக்குக் கேக்கறாருன்னு யோசிப்பாங்கப்பா."

ஆக, இந்த வயதில் போனில் ஆரம்பப் பாடத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். 'கே தெம்போ ஃபா' என்றால், அங்கே வானம் எப்படி இருக்கிறது. 'பியோவே', மழை பெய்கிறது. 'ஃபா ஃப்ரெத்தோ', குளிராக இருக்கிறது. வெயில் அடிக்கிறது என்பதற்கு 'ச்சே இல் சோலே'. அதை மட்டும் எனக்குச் சூரியனைத் திட்டுகிற மாதிரிதான் சொல்ல வந்தது. கார்லாம்மா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். திருச்சிக்காரனுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. சூடாக இருக்கிறது என்கிற 'ஃபா கால்தோ' ஒன்றை வைத்துக்கொண்டே பங்குனியிலிருந்து புரட்டாசி வரை ஓட்டிவிட்டேன்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு ஞாயிறு கார்லாம்மா 'பியோவே' என்றார். அடுத்த ஞாயிறும் அதேதான், கூடவே 'மோல்தோ' என்று சேர்த்துக்கொண்டார். நிறைய என்று அர்த்தம். நான் சந்தோஷமாக 'பெல்லோ, பெல்லோ' என்றேன். அருமை, அருமை. மழை என்று ஒருவர் சொன்னால் நமக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?  அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஆறு ஓடுகிறதே, கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தோம். நம் ஊர் வாய்க்கால் அளவுக்கு இருப்பதையெல்லாம் ஆறு என்கிறார்களே என்று நீகூடக் கேலி செய்தாய். முந்தாநாள் அதில் புதுத் தண்ணீர் வந்திருக்கிறது. உன் பெண் என்ன செய்தாள் தெரியுமா? மஞ்சள், குங்குமம், தொட்டியில் பூத்த இரண்டு பூ எடுத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி பின்வாசல் படியில் இறங்கிவிட்டாள். "அப்பா, தண்ணி வந்துடுச்சு பாருங்க" என்று போனை நீட்டிக் காட்டினாள். நான் இங்கே அம்மா மண்டபம் ரோட்டு வீட்டில் எழுந்து நின்று கும்பிட்டேன். "இன்னும் கொஞ்சம் கிட்டக்கப் போய்க் காட்டும்மா" என்றும் சொன்னேன். தண்ணீர் செம்மண் நிறமாக இல்லை, சாம்பல் நிறத்தில் இருந்தது. அடியில் கல் உருளுகிற சத்தம் போனிலேயே கேட்டது. அவளுக்குப் பின்னால் கார்லாம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு படிகூட இறங்கவில்லை.

நம் ஊரில் ஆறு சொல்லிவிட்டு வரும். மேட்டூரில் திறந்தால் பேப்பரில் போடுவார்கள், அப்புறம் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வருவார்கள், அதற்குள் புளியோதரை கிளறிக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிடலாம். இன்றைக்கும் கொள்ளிடம் பாலத்தில் ஒரே கூட்டம், பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆறு பெருகினால் போய்ப் பார்க்க வேண்டும், கும்பிட வேண்டும், பயந்து ஓடக் கூடாது. நித்யாவை நாம் அப்படித்தானே வளர்த்தோம்?

நேற்று அங்கே ஆற்றங்கரை வீடுகளைக் காலி செய்துவிட்டு மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். கார்லாம்மா கெஞ்சியிருக்கிறார், இவள் அசையவில்லை. என்னைக் கூப்பிட்டுப் புகார் வேறு சொன்னாள். "அத்தை ரொம்பப் பயப்படறாங்கப்பா. மார்கோ வரட்டும், பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன். பூ, மஞ்சள் எல்லாம் போட்டாச்சு, தண்ணி இறங்கிடும்."

"ஆமாம்மா, வயித்துப் பிள்ளையோட எங்க போய் அலையறது" என்று நானும் ஒத்து ஊதினேன்.

கொஞ்ச நேரத்தில் கார்லாம்மாவே கூப்பிட்டார். ஞாயிறு இல்லாத ஒரு நாளில், நித்யா பக்கத்தில் இல்லாமல், அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். தலையெல்லாம் நனைந்திருந்தது. எனக்குத் தெரிந்தது வானிலை ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியும். அதனால் அந்த வார்த்தைகளை மட்டும் பொறுக்கிப் பொறுக்கிப் பேசினார்.

"பியோவே" என்றார்.

"பியோவே" என்றேன் நானும். "தொமானி, சோலே?" நாளைக்கு வெயில் வருமா?

"நோ. நோ சோலே." தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "நோத்தே, பியோவே. மோல்தோ. மோல்தோ." ராத்திரி பெரிய மழை.

எனக்கு அடுத்த வாக்கியம் தெரியவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே ஆற்றைக் காட்டினார். காட்டிவிட்டு "பாவ்லோ" என்றார். அது அவர் வீட்டுக்காரர் பெயர். மறுபடி ஆற்றைக் காட்டினார். "பாவ்லோ. நோத்தே. பியோவே." அதற்கு மேல் அவரால் முடியவில்லை, வாயைப் பொத்திக்கொண்டார்.

மார்கோவின் அப்பா எப்படிப் போனார் என்று நாம் கேட்டதே இல்லை. சம்பந்தி வீட்டுத் துக்கத்தை நாமாகக் கிளறக் கூடாது என்றாய், நானும் சரி என்று விட்டுவிட்டேன். மார்கோவும் அதைப் பேசுகிறவர் இல்லை, நித்யாவுக்கும் தெரியாது. அந்த வாய்க்கால்தான், சரசு. ஒரு மழை ராத்திரியில் அதுதான் அவரைக் கொண்டுபோயிருக்கிறது. உடனே நித்யாவைக் கூப்பிட்டேன்.

"நித்யா, கிளம்பும்மா. இப்பவே."

"என்னப்பா, இப்பதானே வேண்டாம்னீங்க? தண்ணியப் பாத்துப் பயப்படக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"அது காவிரியப் பத்திச் சொன்னது. இது நம்ம ஆறு இல்லம்மா. நீ யாருன்னு அதுக்குத் தெரியாது."

ஒரு ஆற்றைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு வாய் கூசியது.  பிறகு பாவ்லோவைப் பற்றிச் சொன்னேன். "அத்தை கையைப் பிடிச்சுக்க. மேட்டுல இருக்கற ஸ்கூலுக்குப் போயிடு."

"சரிப்பா. போயிட்டுக் கூப்பிடறேன்" என்றாள். கூப்பிடவில்லை.

நேரத்தோடுதான் சொன்னேனா? அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிற வழியில் ஒரு பாலம் உண்டு, கல்யாணத்தன்று நாம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். இரண்டு பேரும் அதைத் தாண்டியிருப்பார்களா? கார்லாம்மாவுக்கு முழங்கால் வலி, இவளுக்கோ குனிந்து செருப்பு மாட்டக்கூட முடியாது. பயமாக இருக்கிறது, சரசு. நீ போன அன்றுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. போட்டு வைத்த காபி அப்படியே ஆறிக் கிடக்கிறது.

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனாவை வைத்திருந்தேன். இப்போது போனில் ஒரு குரல் செய்தி வந்திருக்கிறது. யாருடைய நம்பரோ தெரியவில்லை, பின்னால் குழந்தைகள் அழும் சத்தம், பெஞ்சு இழுக்கும் சத்தம். பேசுவது கார்லாம்மா. எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்கிறார்.

"காஸா, நோ. நித்யா, ஸி."

வீடு, இல்லை. நித்யா, ஆமாம்.

கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு சொல்லும் சொல்லியிருக்கிறார். "பியோவே." இன்னும் பெய்துகொண்டுதான் இருக்கிறது.

சரசு, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். காவிரிக்குத் தூக்கிக்கொண்டு வந்து, உன் சார்பில் நானே கும்பிட வைப்பேன். எல்லா ஆறும் நம்மைப் பெற்றவள் இல்லை என்றும் அதே படிக்கட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். கார்லாம்மா இனி மழை என்று சொன்னால், அருமை என்று சொல்ல மாட்டேன். பயமா என்று கேட்பேன். அதை இத்தாலிய மொழியில் எப்படிக் கேட்பது என்று இன்றைக்கே படித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
நித்யாவின் அப்பா