என் பெயரில் ஒரு போர்டு

மார்ச் 3

சோப்பு ஆலையில் இருந்து ஆள் வந்து கூப்பிட்டான். நான் சப்ளை செய்யும் அட்டைப்பெட்டி சரியில்லை என்று திட்டப் போகிறார்கள் என நினைத்துப் போனேன். அங்கே தலைமை அலுவலகத்தில் இருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை. அவர் வேலை என்னவென்றால், கம்பெனிக்கு ஆபத்து வருமா என்று பார்ப்பது. அதற்குச் சம்பளம். வந்தால் கூடுதல் சம்பளமாம்.

தேர்தல் வருகிறது. வெளிநாட்டுக் கம்பெனிகளை விரட்டுவோம் என்று எதிர்க்கட்சி கத்துகிறது. துரை ஊர் வரைபடத்துக்கு வண்ணம் அடித்து வைத்திருந்தார். எங்கள் கடைத்தெரு சிவப்பு, அதாவது ஆபத்து; மந்திரி தெரு பச்சை. "போன தடவை பஸ்ஸை எரிச்சது அந்தப் பச்சையிலதான்" என்றேன். ஆலை மேனேஜர் அதை மட்டும் துரைக்கு மொழிபெயர்க்கவில்லை.

லஞ்சம் கொடுப்பது கம்பெனியில் அறவே கிடையாதாம். மரம் நடுவது உண்டு. ஆளுங்கட்சி வட்டாரத்தில் இதுவரை நட்டது நாலாயிரம். நேற்று அந்தப் பக்கம் போனேன், நிழலுக்கு ஒதுங்க ஒன்று கிடைக்கவில்லை.

மார்ச் 5

விஷயம் வெளியே வந்தது. ஆலை வாசலில் கம்பெனி பெயரை இறக்கிவிட்டு என் பெயரை ஏற்ற வேண்டும். சொத்து அவர்களுடையது, முகம் மட்டும் என்னுடையது. உள்ளூர்க்காரன் ஆலையை எவன் கொளுத்துவான் என்பது கணக்கு. பதிலுக்கு, மாவட்டம் முழுவதற்கும் சோப்பு ஏஜென்சி எனக்கு.

சைக்கிளில் சோப்பு விற்று வந்தவன் நான். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டில் சொன்னேன்.

"முகம் உங்களுது. அறை விழுந்தா யாருக்கு விழும்?" என்றாள் மனைவி.

உனக்கு வியாபாரம் தெரியாது என்று வாயை அடைத்தேன்.

மார்ச் 9

போர்டு ஏறிவிட்டது. எழுத்து ஒவ்வொன்றும் ஆள் உயரம். காரணமே இல்லாமல் அந்த வழியாக நாலு தடவை போய் வந்தேன்.

மார்ச் 12

டீக்கடைக்காரர் என்னை "வாங்க முதலாளி" என்றார்.

மார்ச் 16

மாலை ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். கூட்டம் குறைந்தால் ஆபத்து குறையும் என்பது துரையின் கண்டுபிடிப்பு. நூற்று நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பி, நோட்டீஸை வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். மேலே நிமிர்ந்து பார்த்தால் என் பெயர்.

அந்த நூற்று நாற்பதில் ஒருவன் என் மைத்துனன், மனைவியின் தம்பி. பாய்லரில் பதினொரு வருஷம். வந்து வாசல்படியிலேயே நின்றான்.

"என்ன மாமா, என்னை வேலைய விட்டுத் தூக்கிட்டீங்களாமே?"

"டேய், நான் எங்கடா தூக்கினேன்? எனக்கே தெரியாதுடா!"

"போர்டுல இருக்கறவருக்கே தெரியாதுன்னா நாங்க யாருகிட்ட போய்க் கேக்கறது?"

அவள் அடுக்களையில் இருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் உறைத்தது.

மார்ச் 19

மேனேஜரிடம் கத்தப் போனேன். சுவரில் ஒரு அட்டவணை. வரக்கூடிய ஆபத்துகள் ஒரு பக்கம், அவற்றைச் சமாளிக்க வழி மறுபக்கம். "மக்கள் கோபம்" என்ற வரிக்கு எதிரே "மாற்றிவிடப்பட்டது" என்று போட்டு, பக்கத்தில் என் பெயர்.

"என்னய்யா இது?"

"உங்க மேல துரைக்கு அவ்வளவு நம்பிக்கை சார்."

நம்பிக்கையாம். இடிதாங்கி மேலும் எல்லோருக்கும் நம்பிக்கைதான்.

மார்ச் 26

எதிர்க்கட்சி ஜெயித்துவிட்டது. விடிவதற்குள் துரை, மேனேஜர், மேனேஜர் வீட்டு நாய் உட்பட எல்லோரும் விமான நிலையம். மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"ஃபிளைட் லிஸ்ட்ல உங்க பேர் இல்லையே சார். அது கம்பெனி ஆளுங்களுக்கு மட்டும்."

"போர்டுல இருக்கேய்யா!"

"அது வெளிய சார்."

எட்டு மணிக்கு ஆலைக் காவல்காரர் சாவிக்கொத்தோடு வந்தார். முதலாளியிடம் ஒப்படைக்கச் சொன்னார்களாம். வாங்கி வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

பத்து மணிக்கு நூற்று நாற்பது பேரும் என் கடை வாசலில் உட்கார்ந்தார்கள். மெகாபோன் மைத்துனன் கையில். "ரத்தம் உறிஞ்சும் முதலாளி"யாம்! என் கல்யாணத்தில் எனக்குக் குடை பிடித்த பயல். கொஞ்ச நேரத்தில் அவனே பின்கதவைத் தட்டினான். வியர்த்து ஊற்றியது.

"மாமா, நான் திட்டுனதுக்கு என்னை அப்புறமா உதைங்க. ஜெயிச்ச கட்சிக்காரனுங்க பெட்ரோல் கேனோட கிளம்பிட்டானுங்க. இங்கதான் வர்றானுங்க. ஏதாச்சும் பேசுங்க!"

என்ன பேச? போர்டு பொய் என்று சொன்னால் எவன் நம்புவான்? இத்தனை நாள் முதலாளி என்று கூப்பிட்டபோது மறுத்தேனா?

வெளியே போனேன். சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"போர்டுல என் பேருதானே இருக்கு? அப்ப நான் சொல்றதுதான் உத்தரவு. மாலை ஷிப்ட் உண்டு. நூத்தி நாப்பது பேரும் உண்டு. சாவி இதோ. வாங்க, போய்த் திறப்போம்."

 மைத்துனன் முன்னால் நடந்தான், மற்றவர்கள் எழுந்தார்கள். தெருமுனையில் கேன்காரர்கள் எதிரே வந்தார்கள். என்னைச் சுற்றி ஆலைக்காரர்கள். முதலாளியைத் தூக்கிப் போகிறார்களா, காப்பாற்றிப் போகிறார்களா என்று புரியாமல் கேன்காரர்கள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மார்ச் 27

பாய்லர் எரிகிறது. மாலை ஷிப்டும் ஓடுகிறது.

ஏப்ரல் 11

ஊர் அடங்கியது. துரை திரும்பிவிட்டார். தன் திட்டம் அபார வெற்றி என்று அறிக்கை அனுப்பிவிட்டாராம். புது அரசாங்கத்தின் வட்டாரத்தில் மரம் நட இடம் தேடுகிறார்கள்.

போர்டை இறக்கலாம் என்றார் மேனேஜர். தாராளமாக இறக்குங்கள், அதற்கு முன் மாலை ஷிப்டைத் தொட மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். ஏஜென்சியை ஞாபகப்படுத்தினார். எனக்கும் ஞாபகம் இருக்கிறது என்றேன். ஜன்னலுக்கு வெளியே மைத்துனன் மெகாபோனைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

எழுதிக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 14

ஏஜென்சி போனது. அட்டைப்பெட்டி ஆர்டரும் போனது. நான் "கணிக்க முடியாத ஆள்" என்று கோப்பில் ஏற்றியிருக்கிறார்களாம்.

ஏப்ரல் 23

மருந்துக்கடைக்காரர் ஆலோசனை கேட்டு வந்தார். அடுத்த மாதம் உள்ளாட்சித் தேர்தல். கம்பெனி போர்டுக்கு அவர் பெயரைக் கேட்கிறதாம்.

"கையெழுத்துப் போடலாமாண்ணே?"

"போடுங்க. ஆனா உள்ள வேலை செய்யறவங்களை முதல்ல பழகிக்கிட்டுப் போடுங்க."

பொறாமையில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போனார். கொஞ்சம் பொறாமைதான், இல்லையென்று எழுத மாட்டேன்.

ஆறு மணிக்கு மாலை ஷிப்டுக்கு ஆலைச் சங்கு ஊதியது. "தம்பி உள்ள போயிருப்பான்" என்றபடி அவள் என் முன்னால் டீயை வைத்தாள்.