சேற்றில் இறங்கிய கோல்

அன்புள்ள அப்பாவுக்கு பொலும்பு எழுதுவது. உங்கள் இருமல் நின்றதா? எனக்குக் குறையில்லை.

உங்கள் நீராவிப் படகில் ஆற்றின் ஆழம் பார்க்க அண்ணன் லொக்குலியை வைத்துக்கொண்டீர்களாம். அவனுக்கு முன்பே ஆழம் அளக்கும் கோலின் கோடுகளைப் படிக்கத் தெரிந்தவள் நான். வயிறு எரிகிறது.

நேற்று எங்கள் மிஷன் பள்ளிப் படகு கொஞ்சம் தரைதட்டியது, யாருக்கும் அடியில்லை. கோல் சேற்றுக்குள் இறங்கியதை ஆழம் என்று நினைத்துவிட்டார் கோல்காரர்.

"நுனியெல்லாம் சேறா இருக்கேண்ணே" என்றேன்.

"பொட்டப்புள்ள, போய் ஜெபம் பண்ணு" என்றார். உடனே படகு முட்டிச் சரிந்தது.

அண்ணனும் நுனியைப் பார்ப்பதில்லை. அவன் சொல்லை நம்பித்தானே நீங்கள் சுக்கானைத் திருப்புவீர்கள்? பயமாக இருக்கிறது.

சோப்பும் கருவாடும் அனுப்புங்கள். சிஸ்டர் விளக்கோடு வருகிறார், படுக்கச் சொல்வார். கோல் நுனியை நீங்களே ஒருமுறை தொட்டுப் பாருங்கள் அப்பா. சொன்னது நான்தான் என்று அவனுக்கும் தெரியட்டும்.

பொலும்பு