களைப்புக்கு நான் வைத்த பெயர்

29.6.1987, திங்கள்
காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். செய்தது அவ்வளவுதான். பிறகு சமையலறைத் தரையிலேயே உட்கார வேண்டியதாயிற்று. வலி இல்லை, தூக்கமும் இல்லை. தாம்பரம் ஸ்டேஷனில் சரக்கு ரயில் கடக்கும்போது பிளாட்பாரம் அதிருமே — அத்தனை பெரியது ஒன்று எனக்குள் கடந்து போகிறது. பயத்தைவிட வியப்புதான் அதிகம்.

1.7.87
டாக்டர் வைத்தீஸ்வரன் குடல் வீக்கம் அடங்கிவிட்டது என்றார். ரத்தம் போவதும் நின்றுவிட்டது. அப்படியானால் ஏன் நிற்க முடியவில்லை?
"நோய் தணிஞ்சாலும் சிலருக்கு அசதி மட்டும் தங்கிடும்மா. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."
டாக்டருக்கும் பிடிபடாத ஒன்று, இந்தச் சின்ன உடம்பில்!

6.7.87
பட்டப்பகலில் நான் படுத்திருந்ததைப் பக்கத்து வீட்டுச் சரசு பார்த்துவிட்டாள். சின்ன வயதில் நான் தங்கிப் படித்த கான்வென்டில் பகலில் கட்டிலைத் தொட்டாலே சிஸ்டர் முட்டி போட வைப்பார். கக்கூஸ் சம்பந்தப்பட்ட வியாதியை வாசலில் வைத்துச் சொல்வதா? "விரதம்" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலில் விழுந்தாள்.

8.7.87
விரதம் தெரு முனைவரை போய்விட்டது. அங்கிருந்து கங்கம்மா வாழைப்பழம் அனுப்பியிருக்கிறாள்.

17.7.87, ஆடி முதல் வெள்ளி
சரசுவும் கங்கம்மாவும் வந்தார்கள். மூன்றாம் வெள்ளி அம்மன் கோயில் பால்குடத்தில் முதல் குடம் நான் தூக்க வேண்டுமாம்.
"இந்த வயசுல இன்னா வைராக்கியம்மா! நீங்க முன்னால நடந்தா தெருவுக்கே நல்லது," என்றாள் சரசு.
என் வீட்டுக்காரர் போன பிறகு ஒரு கல்யாணத்தில்கூட என்னை யாரும் முன்னால் நிற்கவிட்டதில்லை. சரி என்றுவிட்டேன். கேட்வரை நடக்க முடியாதவள்!

25.7.87
குடத்தில் தண்ணீர் நிரப்பித் தலையில் வைத்துப் பார்த்தேன். கிணற்றடி தாண்டவில்லை, குடமும் நானும் கீழே. அடி படவில்லை. எழ வேண்டும் என்று நினைத்தேன் — நினைப்பு கையை எட்டவே இல்லை. ஈரத்தில் கிடந்தபடி, தலைக்கு மேல் இரைந்து போன ஏர்ஃபோர்ஸ் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் சொன்னதைக் கேட்ட உடம்பா இது? நடுத்தெருவுல பாலோட விழுந்தா? ஐயோ. சொல்லித்தான் ஆகணும்.

26.7.87
இருவரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். விரதம் இல்லை, பெருங்குடலில் புண், ரத்தமாகப் போய்க்கொண்டிருந்தது, அது நின்றும் அசதி விடவில்லை, வேறு ஆளைப் பாருங்கள்.
"அய்யே! இதுக்கா இம்மாம் பேஜாரு?" என்றாள் சரசு. "என்னாண்ட சொன்னா நான் இன்னா மைக் வெச்சா சொல்லப்போறேன்?"
"வெச்சிருப்பே," என்றாள் கங்கம்மா.
பிறகு என் பக்கம் திரும்பினாள். "இந்த ஒடம்ப வெச்சுகினுதானா தெனம் குளிச்சு, கஞ்சி போட்ட பொடவை கட்டிகினு வாசல்ல வந்து நிக்கிறீங்க?"
முதல் குடம் யாருக்கு என்று சொல்லாமலே போனார்கள்.

31.7.87, மூன்றாம் வெள்ளி
காலையில் வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா. ஓட்டுபவர் கங்கம்மாவின் புருஷன் துளசிங்கம். சீட்டில் புதுத் துண்டு விரித்திருந்தது.
"ஏறுங்கம்மா," என்றாள் கங்கம்மா. "தலையில தூக்குனாத்தான் அம்மன் வாங்குமா? மடியில வெச்சுக்கங்க."
முதல் குடம் என் மடியில். பின்னால் தெரு நிறைய மஞ்சள் புடவைகள்.
கோயில் வாசலில் என்னால் இறங்க முடியவில்லை. அந்த அசதி வந்துவிட்டது. யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நேரமாகிறது என்றும் சொல்லவில்லை. மேளத்தை நிறுத்திவிட்டு, வெறுங்காலோடு, தலையில் குடங்களோடு, அந்த வெயிலில் அத்தனை பேரும் நின்றார்கள். நான் எழும்வரை.