நர்ஸம்மா வீட்டுக்காரர்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு. சுட வச்சுச் சாப்பிடுங்க.

ராத்திரி சண்டையில இதைச் சொல்லலை. நேத்து தடுப்பூசி முகாம்ல ஒரு பெரியவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கிட்டு உக்காந்தார். நான் ஊசியை எடுத்ததும் போனை நீட்டினார். அதுல, ஊசி வேண்டாம்னு நீங்க வாட்ஸ்அப்ல பேசி அனுப்பின குரல். "நர்ஸம்மா வீட்டுக்காரரே போட்டுக்கலையாமே, எனக்கு மட்டும் எதுக்கு?"ன்னு எழுந்து போயிட்டார். பின்னால நின்னவங்களும் ஒவ்வொருத்தரா நழுவிட்டாங்க.

இன்னைக்கு உங்க அக்கா ஊசி போட்டுக்கப் போற வழியில நம்ம வீட்டுக்கு வராங்க. ஆஸ்துமாக்காரங்க, தொற்று வந்தா தாங்க மாட்டாங்க. கெஞ்சிக் கேக்குறேன், அவங்ககிட்ட எதுவும் பேசாம முகாமுக்கு அனுப்பி வைங்க.

கிளம்புறேன்.

பி.கு: உங்க போன் சார்ஜ் இல்லாம அணைஞ்சு கிடந்தது. அப்படியே விட்டுடலாமான்னு ரொம்ப நேரம் கையில வச்சுக்கிட்டே நின்னேன். அப்புறம் நான்தான் சார்ஜ்ல போட்டேன்.