ஒட்டுக்கேட்பியும் பாதிப்பலகையும்

மார்ச் 4

அன்புள்ள ஒட்டுக்கேட்பிக்கு,

தோளைத் தவிர மற்ற உறுப்புகள் அனைத்தும் நலம். ஒப்பந்தப்படி போன் செய்யவில்லை. நாம் போனில் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் யாராவது ஒருவர், "சரி, நீயே பெரிய ஆளு" என்று வைத்துவிடுகிறோம். கடிதத்தில் அது நடக்காது. நீ என் பேச்சை நடுவில் வெட்டவும் முடியாது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தது நான்தான் என்பதை அவ்வப்போது நினைவுபடுத்துவது என் கடமை.

வலது கை தோள்மட்டத்துக்கு மேல் போக மறுக்கிறது. கணக்கு வாத்தியாருக்குப் பலகையின் மேல் பாதி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். தேற்றம் இடுப்பளவில் தொடங்குகிறது, நிரூபணம் தரையைத் தொடுகிறது. பின் பெஞ்சுக்காரர்கள் எழுந்து நின்று பார்க்க வேண்டியிருப்பதால் வகுப்பில் மரியாதை கூடியிருப்பதாகத் தலைமையாசிரியர் மகிழ்ச்சி தெரிவித்தார். பிள்ளைகள் எனக்குப் 'பாதிப்பலகை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர். இதற்கு முன் வைத்திருந்ததைத் தங்கைக்கு எழுத முடியாது.

காலையில் சட்டை போடும்போது கை பாதியில் நின்றுவிடுகிறது. நான் அதைப் பார்க்கிறேன். என் கை மாதிரி இல்லை. யாரோ, "கொஞ்சம் பிடிச்சுக்குங்க, வந்துடறேன்" என்று கொடுத்துவிட்டுத் திரும்பி வராமலே போன கை மாதிரி இருக்கிறது. அப்போது கொஞ்சம் பயமாக இருக்கிறது. கொஞ்சம்தான்.

உன் அண்ணி ஒரு 'புத்துயிர் மையத்தை'க் கண்டுபிடித்தாள். அங்கே நோயாளி என்று யாரும் கிடையாது, எல்லோரும் 'பயணி'. வரவேற்பறையில் செயற்கை நீரூற்று. அது ஓயாமல் சொட்டுவதால் பயணிகள் ஓயாமல் கழிப்பறைக்குப் பயணம் போகிறார்கள். டாக்டர் என் தோளில் ஜெல்லைத் தடவி ஸ்கேன் பார்த்தார். திரையில் கறுப்பாக ஓர் இடைவெளி. "தசைநாண் கிழிஞ்சிருக்கு சார்" என்றார். என் ரத்தத்தை எடுத்துச் சுழற்றித் தட்டணுக்களைப் பிரிப்பார்களாம். என் இடுப்புக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுப்பார்களாம். இரண்டையும் கலந்து, ஸ்கேனில் பார்த்தபடியே தோளுக்குள் ஊசியால் விடுவார்களாம். அது அங்கே போய் வளர்க்குமாம்.

"எதை டாக்டர் வளர்க்கும்?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் சார்" என்றார், பெருமை தாங்காமல்.

படத்தின் பிரதி இத்துடன் இருக்கிறது. சின்ன வயதில் கதவில் காதை வைத்து ஒட்டுக்கேட்டதற்கு அடி வாங்கினாய். இப்போது மனிதர்களின் தோலில் வைத்து ஒட்டுக்கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறாய். உன் கருத்தை எழுது. திட்டாமல் எழுது.

இப்படிக்கு,
பாதிப்பலகை

*

மார்ச் 9

மூளையையும் பாதியாக்கிக்கொண்ட பாதிப்பலகைக்கு,

திட்டாமல் எழுத வேண்டுமாம். ஸ்கேன் பார்ப்பதே தொழிலாக இருக்கும் ஒருத்தியைத் தங்கையாக வைத்துக்கொண்டு, நீரூற்று இருக்கிறது என்பதற்காக ஓர் இடத்தில் போய்ச் சட்டையைக் கழற்றியிருக்கிறாய். உன்னைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது? உன் மாணவர்கள் உன்னைவிட யோசிக்கத் தெரிந்தவர்கள். முந்தைய பட்டப்பெயரும் எனக்குத் தெரியும். அண்ணி சொல்லிவிட்டாள். பொருத்தமான பெயர்.

இப்போது கேள். தசைநாண் என்பது கயிறு மாதிரி இழை இழையாக இருக்கும். நாங்கள் பிடிக்கிற கருவி அதற்கு நேராக இருந்தால் ஒலி போய் மோதித் திரும்பி வரும், கயிறு வெள்ளையாகத் தெரியும். கருவி கொஞ்சம் சாய்ந்தால் ஒலி வேறு பக்கம் போய்விடும். திரும்பி வராத இடம் கறுப்பு. ஒரு கிழிசலும் இல்லாத தசைநாண் கிழிந்த மாதிரி தெரியும். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் நாங்கள் எல்லோரும் செய்த தப்பு இது. நான் ஊரில் பாதிப் பேருக்குக் கிழிசல் கண்டுபிடித்தேன். உன் டாக்டர் இன்னும் முதல் வாரத்திலேயே இருக்கிறார் போலிருக்கிறது.

போய், "கொஞ்சம் நேரா வச்சுப் பாருங்க" என்று சொல். அவ்வளவுதான். அது வெறும் தோள் இறுக்கமாக இருக்கலாம். அதற்கு ஊசி வேண்டாம், தினமும் பயிற்சியும் பொறுமையும் வேண்டும். இரண்டும் உனக்குக் கிடையாது.

ரத்தத்தைச் சுழற்றிப் போடுவதை நான் கேலி செய்யவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியிலும் போடுகிறோம். சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, யாருக்குக் கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்கிறவரை நாங்கள் நம்புவதில்லை. எல்லாவற்றையும் வளர்க்கும் என்கிற ஆளைக் கண்டால் எனக்குச் சட்டைப்பையைப் பத்திரப்படுத்தத் தோன்றுகிறது.

பின்குறிப்பு: நீ அனுப்பிய படத்தில் கீழ் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. முழுப்படம் கிடைத்தால் அனுப்பு. ஆழம் கொஞ்சம் கூட்டி எடுக்கச் சொல். சும்மாதான் கேட்கிறேன்.

உன்னைத் திட்டவே பிறந்த,
ஒட்டுக்கேட்பி

*

மார்ச் 15

அன்புள்ள ஒட்டுக்கேட்பிக்கு,

உன் திட்டு வந்து சேர்ந்தது. வடிவாக இருந்தது. இரண்டு முறை படித்தேன். அண்ணிக்கும் படித்துக் காட்டினேன். பட்டப்பெயரை உனக்குச் சொன்னது தான் இல்லவே இல்லை என்கிறாள்.

மையத்துக்குப் போனேன். அன்று டாக்டர் அல்ல, ஸ்கேன் எடுக்கிற பெண்தான் கருவியைப் பிடித்திருந்தாள். டாக்டர் பின்னால் நின்றார். "கொஞ்சம் நேரா வச்சுப் பாருங்கம்மா" என்றேன். அவள் நிமிர்த்தினாள். கறுப்பு இடைவெளி காணாமல் போனது. முழுசாக, வெள்ளையாக, கயிறு. நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

"பாத்தீங்களா சார், ஆற ஆரம்பிச்சிடுச்சு."

"இன்னும் ஊசியே போடலையே டாக்டர்?"

"அதான் சார் சொல்றேன். போடறதுக்கு முன்னாடியே இப்படின்னா, போட்ட பிறகு யோசிச்சுப் பாருங்க!"

கணக்கு வாத்தியாராக இத்தனை வருடம் தப்பான நிரூபணங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இத்தனை அழகானதைப் பார்த்ததில்லை. எழுந்து கைதட்டியிருப்பேன், கை ஒத்துழைத்திருந்தால். அண்ணி, "டாக்டர் இவ்வளவு நம்பிக்கையா சொல்றாரு, உங்க தங்கச்சிக்கு மட்டும் எதுலயும் குத்தம்" என்றாள். வீட்டில் அமைதி வேண்டுமே. வரும் வியாழக்கிழமை ஊசி என்று முடிவாகிவிட்டது. வலி தீருகிறதோ இல்லையோ, என் இடுப்புக் கொழுப்புக்காவது ஒரு வேலை கிடைக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ கேட்டபடி ஆழத்தைக் கூட்டச் சொன்னேன். அந்தப் பெண் கூட்டினாள். அதன்பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். அதுவரை தன் தம்பியின் கணக்கு மதிப்பெண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டாள். தோளை விட்டுக் கீழே, மேற்கையில் ஓர் இடத்தில் கருவியை வைத்து அழுத்தி, "இங்க வலிக்குதா சார்?" என்றாள். இல்லை என்றேன். "ஓ" என்றாள். டாக்டர் அதற்குள் வேறொரு பயணியை வழியனுப்பப் போயிருந்தார். அவள் முழுப்படத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். கேட்காமலே இரண்டு பிரதி கொடுத்தாள்.

உங்கள் தொழிலில் 'ஓ' என்றால் என்ன பொருள்? எங்கள் தொழிலில் மாணவன் 'ஓ' என்றால் புரியவில்லை என்று பொருள். அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பிரதி இத்துடன்.

திட்டி எழுது. வாசலில் தபால்காரரைப் பார்த்தால் இப்போதெல்லாம் மனம் தெளிகிறது.

இப்படிக்கு,
இன்னும் பாதியாகவே,
பாதிப்பலகை

*

மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

உன் கடிதமும் படமும் இன்று கிடைத்தன. இதைக் கூரியரில் அனுப்புகிறேன். வியாழக்கிழமைக்கு முன் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

நான்கு வருடத்துக்குப் பிறகு உனக்கு இன்று போன் செய்தேன். என் பெயரைப் பார்த்ததும் நீ கட் செய்தாய். மறுபடி செய்தேன், மறுபடி கட் செய்தாய். ஒப்பந்தத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறாய். தப்பு உன்னுடையது அல்ல. பிறகு அண்ணிக்குச் செய்தேன். ஊசியைத் தள்ளிப்போடச் சொன்னேன். "நான் பாத்த இடம்னா உனக்கு எப்பவுமே ஆகாதே" என்றாள். அவள் மேல் கோபம் வேண்டாம். இத்தனை நாள் நான் சொன்ன விதம் அப்படி. காரணத்தை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படத்தின் கீழ் ஓரத்தில், மேற்கைத் தசைக்குள், உருண்டையாக ஒன்று இருக்கிறது. உன் தோள்வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லாமல் இருக்கலாம். கொழுப்புக் கட்டியாக இருக்கலாம், பழைய ரத்தக்கட்டாக இருக்கலாம். படத்தை மட்டும் பார்த்து யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆனால் இன்னதென்று தெரியாத ஒன்றின் பக்கத்தில் வளர்க்கிற மருந்தை விடக் கூடாது. அதற்கு எது வேண்டியது, எது வேண்டாதது என்று பார்த்து வளர்க்கத் தெரியாது.

உன் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் என்னோடு படித்தவள் இருக்கிறாள். அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். எம்ஆர்ஐ எடுக்கட்டும். அது என்னவென்று பார்க்க ஊசியால் துளி சதை எடுப்பார்கள். அதிகம் வலிக்காது. தனியாகப் போகாதே. சாப்பிட்டுவிட்டுப் போ.

'ஓ' என்றால் என்ன என்று கேட்டிருந்தாய். அந்தப் பெண் நல்ல பெண். வேலையைச் சரியாகத் தெரிந்தவள்.

வியாழக்கிழமை ஊசி வேண்டாம் அண்ணா.

அன்புடன்,
தங்கை

*

மார்ச் 28

அன்புள்ள ஒட்டுக்கேட்பிக்கு,

உன் கடிதத்தைப் புத்துயிர் மையத்தின் நாற்காலியில் படித்தேன். கூரியர்காரர் வீட்டுக்கு வந்தபோது நாங்கள் கிளம்பிவிட்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கி, உன் கையெழுத்தில் 'அவசரம்' என்று மூன்று இடத்தில் இருந்ததைப் பார்த்து, ஸ்கூட்டரில் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு நம் குடும்பத்தில் எப்போதும் ஓர் ஆர்வம். இந்த முறை அதை மன்னிக்கிறேன்.

என் ரத்தம் அடுத்த அறையில் சுழன்றுகொண்டிருந்தது. சத்தம் கேட்டது, மிக்ஸி ஓடுகிற மாதிரி. இடுப்பில் கொழுப்பு எடுத்த இடத்தில் பஞ்சு. தோளில் ஜெல்லின் குளிர். நான் கவரைப் பிரித்தேன். 'அன்புள்ள அண்ணா' என்று இருந்தது. வேறு யாருக்கோ எழுதியது என் கவருக்குள் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

படித்து முடித்தேன். உருண்டை, எம்ஆர்ஐ, சதை எல்லாம் படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், அதெல்லாம் என் மண்டையில் ஏறவே இல்லை. நான் திட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. கவருக்குள் கையை விட்டுப் பார்த்தேன். 'தப்பு உன்னுடையது அல்ல' என்று எழுதியிருக்கிறாய். நாற்பத்தெட்டு வருடத்தில் நீ எனக்குச் சொல்லாத வாக்கியம். அதைப் படித்ததும் எழுந்துவிட்டேன்.

டாக்டர் ஊசியோடு வந்தார். "பயணி எங்க கிளம்பிட்டீங்க?"

"என் தங்கச்சி மரியாதையா எழுதியிருக்கா டாக்டர்."

அவருக்குப் புரியவில்லை. அண்ணிக்குப் புரிந்துவிட்டது. கடிதத்தை வாங்கி முதல் வரியை மட்டும் பார்த்தாள். என் சட்டையை எடுத்து, வராத கையை முதலில் நுழைத்து, ஜெல்லைக்கூடத் துடைக்காமல் பொத்தானைப் போட்டாள். எல்லாம் ஒன்று தள்ளிப் போட்டிருந்தாள். அப்படியே தெருவில் நடந்தோம். ஸ்கேன் எடுக்கிற பெண் கதவு வரை வந்து நின்று பார்த்தாள்.

எம்ஆர்ஐ எடுத்தாகிவிட்டது. அந்தக் குழாய்க்குள் படுத்துக்கொண்டு பகா எண்களைச் சொல்லிப் பார்த்தேன். நூறைத் தாண்டியதும் பயம் முந்திக்கொண்டது. நேற்று சதையும் எடுத்தார்கள். உன் தோழி நல்லவள், அதிகம் சிரிக்கிறாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. முடிவு வருவதற்கு ஒரு வாரம் ஆகுமாம். அதை நேரே வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. உனக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன்.

பள்ளிக்குப் போகிறேன். பலகையின் கீழ்ப் பாதியில் எழுதுகிறேன். ஒரு பையன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "இதுல ஏறி நில்லுங்க சார், மேல எட்டும்" என்றான். மற்ற நாளாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஏறி நின்றேன்.

அண்ணி இரண்டு நாளாக யாரோடும் பேசுவதில்லை. அந்த இடத்தைக் கண்டுபிடித்தது தான் என்பதை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் இரண்டு வரி எழுது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முடிவு எதுவாக இருந்தாலும் திட்டி எழுது. 'அன்புள்ள அண்ணா' என்று மட்டும் ஆரம்பிக்காதே. கவரைப் பிரித்ததும் முதல் வரியைத்தான் பார்ப்பேன். அதைத் தாண்டிப் போக எனக்குத் தெம்பு வேண்டும்.

இப்படிக்கு,
அண்ணன்

*

ஏப்ரல் 5

மூளை, தோள், பலகை மூன்றையும் பாதியாக வைத்திருக்கும் மடையனுக்கு,

நீ ஒரு கழுதை. நீரூற்றைப் பார்த்து வைத்தியம் பார்க்கப் போன கழுதை. இடுப்புக் கொழுப்பைத் தானம் செய்துவிட்டு, அதைத் திரும்ப வாங்கக்கூடத் தெரியாமல் வந்தவன். நாற்காலியில் ஏறி நிற்கிற வயதா இது? விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் அதையும் நான்தான் ஸ்கேனில் பார்க்க வேண்டும். தங்கை போன் செய்தால் எடுக்காதவன். பகா எண்களை நூறு வரைதான் சொல்லத் தெரிந்த கணக்கு வாத்தியார். உன் முந்தைய பட்டப்பெயரை அண்ணி சொல்லவில்லை, உன் பழைய மாணவன் ஒருவன் முழங்காலைக் காட்ட என்னிடம் வந்தான், அவன் சொன்னான். ஊர் முழுக்கத் தெரியும். உன்னைப் போல ஒரு...

முடிவு வந்துவிட்டது. நேற்று மதியம் வந்தது. அதைத் தாளில் எழுத எனக்கு இஷ்டமில்லை. நேரில் சொல்கிறேன். உருண்டையை எடுத்துவிடலாம் என்கிறாள் தோழி. இன்னும் தசையை விட்டு வெளியே போகவில்லையாம். கையைக் காப்பாற்றிவிடலாம் என்றாள். நான் அதைக் கேட்கவே இல்லை, அவளாகச் சொன்னாள்.

அந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை. அண்ணியையும் யோசிக்க விடாதே. இரண்டு வரி எழுதச் சொன்னாயே, அவளுக்குப் போன் செய்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. வெகுநேரம் வைக்கவும் இல்லை.

நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை வருகிறேன். ஸ்டேஷனில் இறங்கியதும் போன் செய்வேன், எடு.

கழுதை என்று மறுபடி ஆரம்பித்துப் பார்த்தேன். இதற்கு மேல் திட்ட வரவில்லை, அண்ணா.

உன் தங்கை