சங்கு ஊதாத தேதி

மகாபலிபுரம்
20.10.99

அன்புள்ள அப்பாவுக்கு, பேச்சிமுத்து வணங்கி எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். கண் மட்டும் கொஞ்சம் எரிகிறது, பயப்பட வேண்டாம்.

இந்த இறால் கம்பெனியில் குளிரூட்ட ஓடும் அமோனியா கசிந்தால் சங்கு ஊத ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 2000 பிறந்தால் கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பும் என்கிறார்களே என்று, ஆயுத பூஜைக்கு எல்லாம் நின்றிருந்தபோது, அதில் தேதியை 2000 ஜனவரி ஒன்று என்று மாற்றிவிட்டு, அமோனியாவில் நனைத்த துணியை அதன் சென்சாரிடம் காட்டிப் பார்த்தேன். ஊதவில்லை. பழைய தேதியை வைத்ததும் அலறியது. ஓடிப்போய் மேனேஜர் செங்கல்வராயனிடம் சொன்னேன்.

“நல்ல நாளும் அதுவுமா இன்னாபா அபசகுனமா பேசிகினுகீற? அதான் பொட்டு வெச்சாச்சே, ஒண்ணும் ஆவாது” என்று கம்ப்யூட்டர் மேலிருந்த குங்குமத்தைக் காட்டுகிறார்! தினமும் உள்ளே நாற்பது பெண்கள் இறால் உரிக்கிறார்கள். அவர்கள் நுரையீரலுக்கும் பொட்டு வைப்பாரா? வந்த ஆத்திரத்தில் அவர் நீட்டிய பொரியைத் தட்டிவிட்டேன். அது தப்புத்தான்.

அம்மா திட்டினாலும் பரவாயில்லை, நம் பூஜை மணியைப் பார்சலில் அனுப்புங்கள். இங்கே என் பேச்சைக் கேட்க ஆளில்லை; மணிச் சத்தத்தையாவது கேட்பார்கள். ஜனவரி ஒன்றாம் தேதி அந்த மணியோடு இறால் உரிக்கும் அறை வாசலில் நிற்பேன். என் மூக்குக்கும் அந்த மணிக்கும் இது எந்த வருடம் என்று தெரியவேண்டியதில்லை.

ஷிப்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

பேச்சிமுத்து