எழுதும்போது கேட்காதே என்றாயே

அன்புள்ள எழுத்தாளர் அம்மாவுக்கு,

கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து உன் வீட்டுக்காரன் எழுதுவது. நானும் நம் பெண் வாலுவும் சுகம். ஊர் ஊராகப் போய்ப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறாயே, தொண்டை என்ன ஆயிற்று? மேடை ஏறினால் நீ கடிகாரம் பார்க்க மாட்டாய் என்று எனக்குத் தெரியாதா!

வாலுவுக்கு வெள்ளிக்கிழமையோடு பள்ளிக்கூடம் முடிகிறது. கடற்கரைக்குப் போக இப்போதே பெட்டி கட்டிவிட்டாள். உள்ளே மூன்று நீச்சல் உடை, துண்டு ஒன்றுகூட இல்லை. உன் கடிதம் நேற்று வந்தது. கூட்டங்கள் முடிந்ததும் நண்பர்களோடு அந்தக் கவிஞரின் மலை வீட்டில் தங்கி எழுதப் போவதாகவும், விடுமுறைக்கு வருவது சந்தேகம் என்றும் எழுதியிருந்தாய். அதை நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

உன் புது நாவலை வாசித்துவிட்டேன். கண்ணாடி மாற்ற வந்த டீச்சரம்மா கையில் அது இருந்தது. எழுத்து தெரிகிறதா என்று பார்க்க ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். எழுத்து நல்லாத் தெரியுது, ஆனா இந்த ஆளு ஏன் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கிறான் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றே ஒரு பிரதி வாங்கினேன்.

அடி பாவி, அது நான்தானே! டீயை மேஜையில் வைத்துவிட்டு, கீச்சென்று சத்தம் வராமலிருக்கக் கதவைத் தூக்கிப் பிடித்து மூடுவது வரை எழுதியிருக்கிறாய். கடைசிப் பக்கத்தில் அவன் பொண்டாட்டி பெட்டியோடு ஸ்டேஷனில் நிற்கிறாள். ஒரு வண்டி வீட்டுக்கு, இன்னொன்று வேறெங்கோ. அவன் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்று முடித்துவிட்டாய்.

கல்யாணமான முதல் வாரம், எழுதும்போது என்கிட்ட எதுவும் கேக்காதீங்க என்று நீதான் சொன்னாய். நீ அந்த அரை மணி நேரத்துக்குச் சொன்னாயோ என்னவோ, நான் பதினான்கு வருஷத்துக்கு எடுத்துக்கொண்டேன். கடையில் நாள் முழுக்க இது தெரியுதா, அது தெரியுதா என்று கேட்கிறவன், வீட்டுக்கு வந்ததும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வேன். உனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இப்போது வலிக்கிறது.

சேர்த்து வைத்ததையெல்லாம் கேட்டுவிடுகிறேன். இரண்டாவது நாவலில் கோபித்துக்கொண்டு போனாளே ஒரு அக்கா, அவள் யார்? பச்சை மை எதற்கு? நல்ல வரி வந்துவிட்டால் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பாயே, அங்கே என்னதான் பார்க்கிறாய்? எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி உன் நண்பர்கள் கேட்பார்களா? கேட்டால் உனக்குச் சந்தோஷமா? நான் கேட்டால்?

மலைக்குத்தான் போக வேண்டும் என்றால் போய் வா. எழுத்து உனக்கு உயிர், அது தெரியாதவனில்லை. வாலுவை எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடைசிப் பக்கம் மண்டையைக் குடைகிறது. டீச்சரம்மாவும் முடிவு என்ன என்று தினம் வந்து கேட்கிறார், அவருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை நீ வரக்கூடிய நாலு மணி வண்டிக்கு நானும் வாலுவும் ஸ்டேஷனுக்கு வருவோம். சும்மா வண்டி பார்க்கப் போகிறோம் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நிறைய எழுத வேண்டும். உன் கதையில் அவள் எந்த வண்டியில் ஏறினாள், சொல்லேன்.

இப்படிக்கு,
தாமதமாகக் கேட்கிற
உன் கண்ணாடிக் கடைக்காரன்